ஓட்டை விழுந்தால் பெட்டியே போயிற்றா?

"ட்யூப்பில் ஓட்டை விழுந்துவிட்டால் ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று வீட்டு உபயோகப் பொருள் கடைகளிலும், பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துச் செல்ல அழைக்கிற ஆடி மாத விளம்பரங்களிலும், அவற்றைக் கேட்டுப் பழகிய மெக்கானிக்குகள் சிலரின் வாயிலும் பல ஆண்டுகளாக ஒலித்துவரும் வாக்கியம், எவராலும் பரிசீலிக்கப்படாமலே சாஸ்திரப் பிரமாணத்தின் அந்தஸ்தை அடைந்துவிட்டது. இனியும் அதை மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குச் சம்மதமில்லை.

நடப்பது என்ன? ஒற்றைக் கதவுள்ள பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் பனி கனத்துப் படிகிறது; ஒட்டிக்கொண்ட ஐஸ் தட்டைப் பெயர்க்க வீட்டில் யாரோ கத்தியை எடுக்கிறார்கள்; அலுமினியத் தகட்டுக்குள் வாய்க்கால் போல வளைந்தோடும் குழாயில் அதன் நுனி பட்டு, 'புஸ்' என்று கேஸ் வெளியேறிவிடுகிறது. அந்த நிமிஷத்தில் கம்ப்ரசர் பழுதாகவில்லை, தெர்மோஸ்டாட் பழுதாகவில்லை, கதவும் உடலும் பழுதாகவில்லை; கத்தி நுனி அளவே உள்ள ஒரு துவாரத்துக்காக அத்தனைக்கும் மரண தண்டனை விதிக்கிறார்கள்.

அலுமினியத்தை ஒட்ட முடியாது என்பது முதல் வாதம். செம்பு 1085 டிகிரியில் உருகுகிறது, அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடுகிறது; ஆகவே செம்புக்குப் பழகிய கை நெருப்பைக் காட்டினால் தகடே கரைந்துபோகும் என்பது வாஸ்தவம். ஆனால் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, எபாக்சி பூசி, அது நன்றாக இறுகும்வரை காத்திருப்பதற்கு நெருப்பே தேவையில்லையே!

"ஒட்டினாலும் நிலைக்காது" என்பதுதான் அவர்களுடைய பிரதான ஆயுதம். பெரிய அநியாயமும் அதில்தான் ஒளிந்திருக்கிறது. கேஸ் போனது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர், அதே துவாரத்தின் வழியாக அறைக்காற்றையும் அதிலுள்ள ஈரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம், மெல்லிய கேப்பிலரி குழாய் முடியும் இடத்தில் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. ஆர்-134ஏ கேஸில் ஓடும் கம்ப்ரசரின் எண்ணெயோ ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் சுபாவமுடையது. ஆகையால் துவாரத்தை அடைத்த பிறகு, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவிக் கசிவைச் சோதித்து, ஃபில்டரை மாற்றி, வேக்குவம் பம்பினால் காற்றும் ஈரமும் அறவே நீங்கும்வரை இழுத்து, பெட்டியின் லேபிளில் குறித்திருக்கும் அளவுக்கு கேஸைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். இத்தனையும் செய்யாமல், பழைய ஃபில்டரோடு கைக்கணக்கில் கேஸ் ஏற்றிவிட்டு, சில வாரங்களில் குளிர் நின்றதும் "பார்த்தீர்களா, ஒட்டு நிற்கவில்லை" என்று சொன்னால், வேலையின் குற்றத்தை ஒட்டின்மேல் சுமத்துவதைத் தவிர வேறென்ன? ஒட்டிய இடத்தைச் சோப்பு நுரையால் சோதித்துப் பார்த்து அப்படிச் சொன்னவரை நான் கண்டதில்லை.

புதிய பெட்டிகளில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். தீப்பிடிக்கும்தான், ஜன்னலைத் திறந்து, கேஸை முற்றிலும் வெளியேற்றி, அருகில் நெருப்பில்லாமல் வேலை செய்யத் தெரிந்தவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும். ஆயினும் வீட்டுப் பெட்டியில் இருப்பது சில பத்துக் கிராம்; அதே இனத்து வாயு 14.2 கிலோ நிரம்பிய சிலிண்டரை அதே சமையலறையில் வைத்துக்கொண்டுதானே அன்றாடம் சமைக்கிறோம்?

பழைய பெட்டி கரன்ட் தின்னும் என்பது, கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பேச வேண்டிய பேச்சு.

சுவரின் நுரைக்குள் புதைந்த குழாயில் கசிவு கண்டால் அதைத் தேடுவது சிரமம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரமத்தைக் காட்டி, கண்ணெதிரே தெரியும் கத்திக் காயத்துக்கும் அதே தீர்ப்பை எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்? ஃப்ரீசரின் கதவைத் திறந்து துவாரம் எங்கே என்று பாராமலே எக்ஸ்சேஞ்ச் விலையைச் சொல்லத் தொடங்குபவரிடம், வேக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று வீட்டுக்காரர் முதலில் கேட்கட்டும்.