திருப்பெரும்புதூர் (தனி): யாருக்குத் தனி?

“ஒங்களுக்குன்னு தனியா தொகுதியே குடுத்தாச்சு, இன்னும் இன்னாய்யா வேணும்?”

வங்கியில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்கிற கேள்வி இது. கெட்ட மனுசன் இல்லை. என் டப்பாவிலிருந்து கருவாட்டுத் தொக்கை உரிமையோடு எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கேட்பார். நான் பதிலை ஆரம்பிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விடுவார். கவுண்ட்டரில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். அவருக்காக மட்டுமில்லை. ‘தனித்தொகுதிகள் நம் கோட்டைகள்’ என்று மேடை அதிரப் பேசுகிற நம் தோழர்களுக்காகவும்தான்.

ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் போனால் வருகிற திருப்பெரும்புதூர். காமராசர் 1967இல் விருதுநகரில் தோற்றதைக் கதைகதையாகச் சொல்கிறவர்கள், அதே தேர்தலில் பதவியிலிருந்த முதலமைச்சர் பக்தவத்சலம் இங்கே தோற்றதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நசரத்பேட்டை முதலியார் அவர். 1957, 1962 இரண்டு முறையும் இங்கிருந்துதான் கோட்டைக்குப் போனார். 1967இல் தி.மு.க.வின் டி.இராஜரத்தினத்திடம் தோற்றார். காங்கிரஸ் ஆட்சியும் போனது. அப்போது இது பொதுத்தொகுதி. நின்றவர்கள் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று எவரும் கேட்கவில்லை. பொதுத்தொகுதியில் அந்தக் கேள்வியே எழாது. அந்தக் கேள்வி எழாமல் இருப்பதற்குப் பெயர்தான் ‘பொது’.

1977 முதல் சட்டமன்றத்துக்கு இது தனித்தொகுதி. அதன்பின் நடந்ததைப் பாருங்கள். காங்கிரசின் டி.யசோதா நான்கு முறை வென்றார்: 1980, 1984, 2001, 2006. முதல் முறை தி.மு.க. கூட்டணி, இரண்டாம் முறை அ.தி.மு.க. கூட்டணி, மூன்றாம் முறை அ.தி.மு.க., நான்காம் முறை தி.மு.க. இடையில் 1989, 1996 தி.மு.க.வின் இ.கோதண்டம். 2011, 2016 அ.தி.மு.க. 2021இல் காங்கிரசின் கு.செல்வப்பெருந்தகை. 2006இல் விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் மங்களூரில் வென்ற அதே செல்வப்பெருந்தகைதான். இவர்களில் யாரையும் தனிப்பட திட்டுவது என் வேலை இல்லை. திட்டித் தீர்கிற விஷயமும் இல்லை இது. நான் கேட்பது ஒன்றுதான். இத்தனை தேர்தலில் ஒரே ஒரு முறையாவது, ‘இவர்தான் எங்க ஆளு, இவரை நிறுத்து’ என்று இந்தத் தொகுதியின் சேரிகள் கூடிச் சொல்லி எந்தக் கட்சியாவது நிறுத்தியதா? தொகுதியை யாருக்கு ஒதுக்குவது என்று கூட்டணிப் பேச்சில் முடிவாகிறது. வேட்பாளர் யார் என்று கட்சித் தலைமையில் முடிவாகிறது. சேரிக்கு வருவது சின்னம் மட்டும்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நம் மக்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. தமிழ்நாட்டிலேயே இது அதிகமான விகிதங்களில் ஒன்று. அப்படியிருந்தும் மீதி மூன்று பங்கு ஊர்க்காரர்கள்தான் ‘தலித் பிரதிநிதி’ யார் என்று முடிவு செய்கிறார்கள். சேரி ஓட்டு முழுக்க ஒரு பக்கம் விழுந்து, ஊர் ஓட்டு மறுபக்கம் விழுந்தால் ஜெயிப்பது ஊர் விரும்புகிற தலித். ஊருக்குப் பிடிக்காத தலித் எவரும் ஜெயிக்க முடியாதபடிக்கு ஒரு ஏற்பாடு. அதற்கு நமக்குத் தந்த சலுகை என்று பெயர்.

இது யாரும் அறியாமல் நடந்த பிழை இல்லை. இதே செங்கல்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசைக்குப் போனார். நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 1932 ஆகஸ்டில் அது கிடைத்தது. காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். 71 இடம் 148 ஆனது. சென்னை மாகாணத்துக்கு 18 இடம் 30 ஆனது. எண்ணிக்கை கூடியது, உரிமை போனது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு மிச்சம் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டும் முதலில் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து வருசத்துக்கான ஏற்பாடு அது. 1950இல் அரசியல் சட்டம் வந்தபோது அந்த முதல் சுற்று இல்லாமலே போனது. தனித்தொகுதி மட்டும் பத்துப் பத்து வருசமாக நீட்டிக்கப்பட்டு, கடைசியாக 2019இல் வந்த 104ஆம் திருத்தத்தின்படி 2030 ஜனவரி வரை இருக்கிறது. சட்டம் எழுதிய அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அவரையே வேண்டாம் என்று சொல்ல முடிகிற ஏற்பாட்டில் நம் ஊர் ஏழுமலைக்கும் முனியம்மாவுக்கும் என்ன கதி?

இன்னொன்றும் நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒன்று ஒதுக்கீட்டு இடம், ஒன்று பொது இடம். ஆந்திராவின் பார்வதிபுரத்தில் 1957இல் இரண்டு பழங்குடி வேட்பாளர்கள் அதிக ஓட்டு வாங்கி இரண்டு இடத்தையும் பிடித்தார்கள். தோற்றவர் வி.வி.கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர். பொது இடத்தில் பழங்குடி எப்படி உட்காரலாம் என்று வழக்குப் போனது. 1959இல் உச்ச நீதிமன்றம், உட்காரலாம் என்றது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையையே ஒழித்துச் சட்டம் வந்தது. நிர்வாகக் காரணங்கள் பல சொன்னார்கள். நான் வருசங்களை வரிசையாகப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

மறுபடி திருப்பெரும்புதூருக்கு வருவோம். நாடாளுமன்றத்துக்கும் இது 1967 முதல் தனித்தொகுதியாக இருந்தது. மரகதம் சந்திரசேகர் இங்கே எம்.பி.யாக இருந்தார், அவருக்கு ஓட்டுக் கேட்க வந்த இடத்தில்தான் 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அதனால்தான். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் வந்தது, 1998இல் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடிவிட்டுப் போனது. ஏக்கரில் பேசிய நிலத்தைச் சதுர அடியில் பேசினார்கள். 2008 சீரமைப்பில் மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் எல்லாவற்றையும் திருப்பெரும்புதூரோடு சேர்த்து ஒரே நாடாளுமன்றத் தொகுதியாகக் கோடு போட்டார்கள். ஆறு சட்டமன்றத் தொகுதியில் தனி ஒன்றே ஒன்று. சேரியின் விகிதம் இறங்காமல் என்ன செய்யும்? நாடாளுமன்றத் தொகுதி பொதுவானது; பக்கத்தில் திருவள்ளூர் தனியானது. எண்ணிக்கையில் குறையில்லை, சட்டப்படி எல்லாம் சரி.

ஆனால் மனுசர்களுக்கு என்ன ஆனது? 1999, 2004 இரண்டு தேர்தலிலும் இங்கே வென்றவர் தி.மு.க.வின் ஆ.கிருஷ்ணசாமி. இரண்டு முறை ஜெயித்த எம்.பி. தொகுதி பொதுவானதும் 2009இல் கட்சி நிறுத்தியது டி.ஆர்.பாலுவை. கிருஷ்ணசாமி 2019 இடைத்தேர்தலில் சட்டமன்றத்துக்குப் போனார். எந்தத் தொகுதி? பூந்தமல்லி. அது 2008 சீரமைப்பில் தனியானது. பொதுவில் ஒரு தலித் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. விரல்விட்டு எண்ணுகிற இடங்கள் தவிர வேறெங்கும் பெரிய கட்சிகள் நிறுத்துவதும் இல்லை. அப்படியென்றால் ஒதுக்கீடு யாருக்கு? 234இல் 44 நமக்கு ஒதுக்கீடு என்கிறார்கள். பழங்குடிக்கு 2 போக மீதி 188 யாருக்கு ஒதுக்கீடு என்று பக்கத்து நாற்காலிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு ஆயா. எந்த ஊர், எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். திருப்பெரும்புதூர் இல்லை, வேறொரு தனித்தொகுதி. பழுப்பேறிய காகிதத்தை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு என் கவுண்ட்டருக்கு வந்தது. டி.சி. நிலத்துப் பட்டா. அதன்மேல் கடன் கிடைக்குமா என்று கேட்டது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதி, 1892இல் அரசாணை போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பஞ்சமி நில வகை அது. அடுத்த சாதிக்காரன் வாங்கினாலும் செல்லாது. நிலம் உன் கையில் இருக்கா ஆயா என்று கேட்டேன். இல்லை. எம்.எல்.ஏ.விடம் சொல்லக் கூடாதா, நம் ஆள்தானே என்றேன். பட்டணத்துப் படிப்பு படித்தவனுக்குத்தான் இப்படிக் கேட்க வரும்.

“சொன்னேன் நைனா. ‘ஒன்றியத்த ஒரு வார்த்த கேட்டுகினு சொல்றேம்மா’ன்னாரு. என் நெலத்த வளச்சிகினு கீறதே அந்த ஒன்றியந்தான் நைனா.”

ஒன்றியம் என்றால் ஒன்றியச் செயலாளர். தனித்தொகுதியின் அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்று ஆயிரம் பக்கம் எழுதலாம், ஆயாவின் இரண்டு வரிக்கு ஈடாகாது. இந்த நிலத்துக்காகத்தான் 1994 அக்டோபர் 10இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்போதும் தனித்தொகுதிகள் இருந்தன.

மேலவளவில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக 1997இல் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை பத்து வருசம் தேர்தலையே ஒழுங்காக நடக்க விடவில்லை. சட்டமன்றத் தனித்தொகுதியில் அப்படி யாரும் அரிவாள் எடுப்பதில்லையே, ஏன்? ஊராட்சித் தலைவன் அதே தெருவில் இருந்து வந்து, காசோலையில் கையெழுத்துப் போட்டு, புறம்போக்கை யார் வளைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கூடியவன். எம்.எல்.ஏ. நாற்காலியின் நான்கு காலும் கட்சியின் கையில். அதை ஏன் வெட்ட வேண்டும்?

அப்படியானால் தனித்தொகுதியே வேண்டாமா? இந்த இடத்தில்தான் நம் பகைவர்கள் நம்மோடு கைகுலுக்க ஓடி வருவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் தோழர்களே. தனித்தொகுதியை எடுத்துவிட்டால் 234உம் அவர்களுக்கு. 2021இல் திருப்போரூர் பொதுத்தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகளின் எஸ்.எஸ்.பாலாஜி பானை சின்னத்தில் வென்றது நல்ல செய்திதான். வித்தியாசம் 2,000 ஓட்டுக்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூனாவில் விட்டுக்கொடுத்ததையே திருப்பிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்கு முன்னால், பூனாவில் ஒப்புக்கொண்டு பிறகு காணாமல் போக்கியதைக் கேட்போம்: அந்த முதல் சுற்று. அரசு நடத்தாது. நாம் நடத்துவோம். அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்னால், ஏதாவது ஒரு தனித்தொகுதியில், சேரிசேரியாகப் பெட்டி வைப்போம். நான்கு பெயர் வரட்டும். எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் சரி. அந்த நால்வரில் ஒருவரை நிறுத்தாத கட்சிக்கு இந்தத் தெருவில் ஓட்டு இல்லை என்று அச்சடித்து ஒட்டுவோம்.

கஷ்டங்கள் தெரியும். காலனிக்குள்ளேயே கட்சிக் கொடிகள் வரிசையாக நிற்கின்றன. முதல் நாளே பெட்டியைத் தூக்கிப் போகிறவன் நம் தெருப் பையனாகவே இருப்பான். பெரிய கஷ்டம் வேறு: அந்தப் பெட்டியில் அருந்ததியர் தெரு ஓட்டும் நம் வீட்டுப் பெண்களின் ஓட்டும் சமமாக விழுமா, அல்லது நாலு பெரிய மனுசன் டீக்கடையில் எழுதிய நாலு பெயரா? அதை நாம்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும். கல்லூரி விடுதித் தோழர்கள் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வரட்டும். சனி, ஞாயிறு நான் வருகிறேன். இரண்டாம், நான்காம் சனி எனக்கு விடுமுறை. ரொக்கம் எண்ணி எண்ணி விரல் பழகியிருக்கிறது, ஓட்டு எண்ண ஆள் தேட வேண்டாம். பெட்டிக்கும் பூட்டுக்கும் என் செலவு.