ஆபீஸ் காலண்டரும் அம்மா போட்ட வட்டமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார்ந்திருக்கேன். போன வாரம் பழைய வேலை ஒண்ணு மறுபடியும் என் தலையில வந்து விழுந்திருக்கு. "டேட்டாபேஸ்ல இருக்கற அப்பாயின்ட்மெண்ட் எல்லாத்தையும் ஆபீஸ் பொதுக் காலண்டர்ல ஏத்திடு. காலைல வந்ததும் யார் எங்கேன்னு ஒரே பார்வைல தெரியணும்." டேமேஜர் உத்தரவு. கேட்க எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க.

இதே வேலையைச் சில வருஷம் முன்னாடி வேற ஒரு கம்பெனியில செஞ்சேன். பேரு வேண்டாம். மீட்டிங், இன்டர்வியூ, கார் புக்கிங், ஒரு மணி நேர பர்மிஷன், எல்லாம் ஒரே டேபிள்ல கிடக்கும். எச்ஆர்காரங்க வச்சிருந்த டேபிள். ராத்திரி ஓடற மாதிரி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்காத்தான் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஒரு அடையாள எண் கொடுத்தேன். இல்லேன்னா தினமும் ராத்திரி அதே மீட்டிங் இன்னொரு தடவை ஏறி, வாரக் கடைசியில ஏழு மீட்டிங் நிக்கும். டேட்டாபேஸ்ல ரத்தானது காலண்டர்லயும் ரத்தாகுதான்னு பார்த்தேன். நேரக் கணக்குக்கு மட்டும் மூணு நாள். டேட்டாபேஸ் உலக நேரத்துல எழுதி வைக்கும், காலண்டர் நம்ம நேரத்துல காட்டும், நடுவுல அஞ்சரை மணி நேரம் காணாமப் போகும். (1906ல இந்திய நேரம் வந்த பிறகும் 39 நிமிஷம் பின்னாடி ஓடற சொந்த நேரத்தை 1955 வரைக்கும் பிடிச்சுகிட்டு இருந்த ஊரு இது. இங்க உட்கார்ந்து நேரத்தைப் பத்திக் கவலைப்படாம எப்படி!)

மூணு நாள் நேரத்துக்கு. தலைப்புக்கு மூணு நிமிஷம்கூட இல்லை. பேரு, ஒரு கோடு, காரணம். டேபிள்ல இருந்ததை ஸ்டார் போட்டு அப்படியே அள்ளினேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு பையன் இருந்தான். தாராவி. அப்பா தோல் பட்டறையில வேலை, பூர்வீகம் நம்ம திருநெல்வேலிப் பக்கம். வீட்டுல முதல் பட்டதாரி. அவனுக்கு டிபி. ஆறு மாச வைத்தியத்துல ரெண்டு மாசம் முடிச்சிருந்தான். மருந்து ஒழுங்கா எடுத்தா சில வாரத்துலயே அடுத்தவங்களுக்குப் பரவறது பெரும்பாலும் நின்னுடும், அதனால வேலைக்கு வந்துகிட்டிருந்தான். மருந்து வாங்க வாரம் ஒரு காலை ஒரு மணி நேரம் லேட். எச்ஆர்கிட்ட மட்டும் காரணம் சொல்லியிருந்தான், அவங்க அதை டேபிள்ல ஒரு கட்டத்துல டைப் பண்ணி வச்சிருந்தாங்க.

மறுநாள் காலைல அவன் பேருக்குப் பக்கத்துல டிபி க்ளினிக்னு காலண்டர்ல பளிச்சுன்னு நின்னுது. ரிசப்ஷன்ல அன்னிக்கு உள்ளதைப் பிரிண்ட் எடுத்து டீ மெஷின் பக்கத்துல ஒட்டறது வழக்கம். அன்னிக்கும் ஒட்டினாங்க. மதியம் சாப்பாட்டு மேஜையில அவனைச் சுத்தி நாற்காலி காலி. யாரும் ஒண்ணும் சொல்லலை, அவங்கவங்க டப்பாவை எடுத்துகிட்டு வேற மேஜைக்குப் போனாங்க, அவ்வளவுதான். மாசம் முடியறதுக்குள்ள அவன் வேலையை விட்டுட்டான்.

"அதான் எடுத்துட்டோம்ல, விடுப்பா"ன்னாங்க. எதை எடுத்தீங்க? நாப்பது பேர் மொபைல்ல இறங்கினதையா, நாப்பது பேர் மண்டையில ஏறினதையா?

இப்ப இந்த வேலைக்கு அவங்க சொல்ற சமாதானங்களுக்கு வரேன். முதல் சமாதானம், ஒளிவுமறைவு கூடாது. சரி ஐயா, அப்ப டேமேஜரோட சம்பளப் பேச்சு எப்போன்னு அதே காலண்டர்ல போடலாமா? அது மட்டும் 'ப்ளாக்ட்'னு கறுப்பா நிக்குது. மறைக்கத் தெரியும், யாருக்கு மறைக்கணும்ங்கறதுலதான் விஷயம்.

ரெண்டாவது, ப்ரைவேட்னு ஒரு டிக் போட்டா தீர்ந்ததுன்னு நம்மாளுங்களே சொல்லுவாங்க. தீராது. அவுட்லுக்ல அந்த டிக்கை மட்டும் நம்பாதீங்க, படிக்க அனுமதி உள்ளவர் வேற வழியில விவரத்தைப் பார்த்துடலாம்னு மைக்ரோசாஃப்டே எழுதி வச்சிருக்கு. காலண்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற பொது இலக்கணம், ஆர்எஃப்சி 5545, 2009ல வந்தது, எடுத்துப் பாருங்க. பப்ளிக், ப்ரைவேட், கான்ஃபிடென்ஷியல்னு மூணு வகை உண்டு. நீங்க ஒண்ணும் சொல்லாம விட்டா அது பப்ளிக். சும்மா இருந்தாலே ஊருக்குச் சொன்ன மாதிரி! டேபிளை விட்டு வெளிய வரும்போதே காரணத்தை விட்டுட்டு வரணும். வெளிய வந்த பிறகு மூடி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

மூணாவதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கற சமாதானம்: நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்தைப் பத்தி யாருக்குப் பாடம் எடுக்கறீங்க? செம்பூர்ல நாங்க ஆறு பேர் ஒரு ரூம் கிச்சன்ல வளர்ந்தவங்க. ஹால் சுவத்துல ஒரு மாசக் காலண்டர், மாட்டுங்கா கடையில வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. பால் கணக்கு, கேஸ் வந்த தேதி, சீட்டுப் பணம் எல்லாம் அதுலதான். வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்ப்பாங்க. அக்காவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற நாளுக்கு அம்மா தேதியைச் சுத்தி ஒரு வட்டம் போடுவாங்க. வெறும் வட்டம், எழுத்து கிடையாது. "ஏம்மா எழுதலை"ன்னு கேட்டதுக்கு, "எனக்குத் தெரிஞ்சா போதாதா, எதிர்வீட்டு மாமிக்கு எதுக்குடா?"ன்னாங்க. அம்மா அஞ்சாங்கிளாஸ். நான் எம்சிஏ.

சட்டமும் இருக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்னிக்குத் தீர்ப்பு சொன்னாங்க, 2023ல தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துது. ஆனா நான் டீ மெஷின் பக்கத்துல சட்டத்தைப் பார்த்ததில்லை. அங்க நடக்கறதைத் தீர்மானிக்கறது ஸ்க்ரிப்ட் எழுதற நம்மளை மாதிரி ஆளுங்கதான். "ரிக்வயர்மெண்ட்ல அப்படித்தான் இருந்துது"ன்னு நானும் அன்னிக்குச் சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து தூக்கம் வரலை.

உங்க பிள்ளைங்க பூனாவுல, பெங்களூர்ல, அமெரிக்காவுல இதே வேலையைத்தான் பண்ணுதுங்க. அடுத்த தடவை போன் பண்ணும்போது சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, இதையும் ஒரு வார்த்தை கேளுங்க.

நேத்து ஸ்க்ரிப்டை எழுதி முடிச்சுட்டேன். டேட்டாபேஸ்லேர்ந்து மூணே கட்டம் வெளிய வருது: ஆள், ஆரம்பம், முடிவு. தலைப்புல எல்லாருக்கும் ஒரே வார்த்தை, 'பிஸி'. டேமேஜர் பார்த்துட்டு, "காரணம் எங்கேப்பா?"ன்னு மெயில் அனுப்பினார். அந்தப் பையன் கதையை, பேரைச் சொல்லாம, நாலு பத்தி எழுதி அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரலை.