கட்டிடத்துக்குச் சலுகை, கைகளுக்கு என்ன?



ஓட்டல் முதலாளிக்கு அரசாங்கம் உதவலாமா? உதவலாம். உதவத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைக்கும் மறுநாளே வேலை தருகிற தொழில் நம் நாட்டில் எத்தனை இருக்கிறது? அதில் ஓட்டல் ஒன்று. குடுபல்லியிலும் குப்பத்திலும் ரயிலேறும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பெங்களூரில் சர்வர், கிளீனர், தோசை மாஸ்டர், ரூம் பாய்! டிக்கெட் கொடுக்கிற எனக்குத் தெரியும். ஆகவே ஓட்டல் வாழட்டும். ஆனால் உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது? அதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு திறந்த இரண்டு நட்சத்திர ஓட்டலுக்கும் அதற்கு மேற்பட்டதற்கும், நிலத்துக்கான செலவு நீங்கலாகப் போட்ட மூலதனம் முழுவதையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி செய்தார்கள். 200 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டும் ஓட்டலை, ரோடு, துறைமுகம் போல உள்கட்டமைப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். நீண்ட காலக் கடன் சுலபமாகக் கிடைக்கும். 2025 பட்ஜெட்டில் 50 சுற்றுலாத் தலங்களின் ஓட்டல்களுக்கும் அதே இடம் என்றார்கள். ஆந்திர அரசும் 2024-29 கொள்கையில் சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது.

சின்ன லாட்ஜுக்கு என்ன கிடைத்தது? நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22ல்தான் அது 5 ஆக இறங்கியது. திருப்பதிக்குக் குடும்பத்தோடு வந்து ஒரு ராத்திரி தலை சாய்க்கிற ஏழையிடமும் வரி!

2020 மார்ச்சை மறந்துவிட்டோமா? ஊரடங்கில் ரயில் நின்றது, ஓட்டல் அடுப்பு அணைந்தது. சாப்பாடும் படுக்கையும் ஓட்டலிலேயே என்றிருந்த பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று, சோறு போயிற்று, கூரையும் போயிற்று. அதன் பிறகு உதவி வந்தது. யாருக்கு? தொழிலுக்கான அவசரக் கடன் உத்தரவாதத்தை 2021ல் ஓட்டல்களுக்கும் விரிவாக்கினார்கள். 2022 பட்ஜெட்டில் ஓட்டலுக்கும் அதைச் சார்ந்த தொழில்களுக்கும் என்றே இன்னும் 50,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வேலையிலிருந்த ஆளை வைத்துக்கொள் என்று ஒரு நிபந்தனை உண்டா? இல்லை. முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவில்கூட அதே 2020ல், கடனில் 60 சதவீதத்தையாவது சம்பளத்துக்குச் செலவழித்து ஆளைக் குறைக்காமல் இருந்தால்தான் முழுத் தள்ளுபடி என்றார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

நிபந்தனை போட்டால் முதலாளி ஓடிவிடுவார் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இத்தனை நட்சத்திரம், இத்தனை கோடி என்று இப்போதே நிபந்தனை இருக்கிறதே! அதற்கு யார் ஓடினார்கள்? நட்சத்திரத்தை எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த அறையைப் பெருக்குகிற பெண்ணின் பெயர் பி.எஃப். பதிவில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதா?

தெரியும். 2025 ஆகஸ்ட் 1ல் தொடங்கிய மத்திய வேலைவாய்ப்புத் திட்டத்தில், கூடுதலாகச் சேர்க்கும் ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குக் கிடைக்கிறது. பி.எஃப். பதிவைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். வழி இருக்கிறது, மனம்தான் வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஒன்று: வரிச் சலுகையோ, நிலமோ, கடனோ, எது கொடுத்தாலும் காண்ட்ராக்ட் ஆள் உட்பட அத்தனை பேருக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., குறைந்தபட்சக் கூலி உண்டா என்று பார்த்துக் கொடு. இரண்டு: பத்துப் பேருக்குக் குறைவான மெஸ்ஸுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, அங்கே அரசாங்கமே முதலாளி பங்கைக் கட்டி ஆளைச் சேர்க்கட்டும். சின்ன முதலாளிக்கு அதுதான் உண்மையான உதவி. மூன்று: மீண்டும் ஒரு முடக்கம் வந்தால், சம்பளம் கொடுத்தவருக்கே சலுகை.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். பி.எஃப். நம்பர் வந்ததா, ஈ.எஸ்.ஐ. கார்டு வந்ததா, சம்பளச் சீட்டு தருகிறார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் சங்கத்துக்கு வாருங்கள்.

சலுகைப் பணம் யாருடைய பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாம் கட்டுகிற வரியும் அதில் சேர்ந்ததுதான். கணக்குக் கேட்பது பிச்சையல்ல, உரிமை!