தலைகீழாய்ச் சுழன்ற நாற்காலி

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் விமானம் ஓட்டுகிறார்கள். விரல் மட்டுமே அசைகிறது. அவர்களிடம் ஜப்பானின் சேகா நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்-360’ பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

காசு கொடுத்து விளையாடும் கூடங்களில் நின்ற பெரிய இயந்திரம் அது. நடுவில் நாற்காலி. ஆளை வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். திரையில் விமானம் குட்டிக்கரணம் போட்டால் நாற்காலியும் போடும்! பயந்தவர்களுக்கு நிறுத்தும் பொத்தானும் உண்டு. (சட்டைப்பையில் சில்லறை வைத்திருந்தவர் கதியை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.)

நாம்கோ நிறுவனம் மட்டும் சளைத்ததா? அதே ஆண்டு ஒசாகா மலர்க் கண்காட்சியில், 28 பேர் ஒன்றாக உட்கார்ந்து ஆடும் ‘கேலக்சியன் 3’ விளையாட்டை வைத்தது. சில ஆண்டுகளில், ‘ரிட்ஜ் ரேசர்’ பந்தயத்துக்காக அசல் மாஸ்டா காரையே அகலத் திரை முன் நிறுத்தியது.

இவையெல்லாம் இடத்தை அடைக்கும். கவனிக்கத் தனி ஆள் வேண்டும். அதனால் கூடங்களைவிட்டுப் போயின. ஆட்டத்தைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றலாம். தலைகீழாகத் தொங்கும்போது வயிற்றைக் கலக்குமே, அதை எதில் ஏற்றுவது? மிஞ்சிய ஓரிரண்டைப் பழுதுபார்த்துச் சுழலவிடப் பாடுபடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.