தொலைந்ததா, நுழைந்ததா?

டிரோசோபிலா மெலனோகாஸ்டர் பழ ஈயின் ‘பி’ தாவும் மரபணு வேறோர் இனத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் கட்டுக்கதை என்கிறார் ஒரு கட்டுரையாளர். அது ஆதியிலிருந்தே இருந்ததாம். பாட்டிலில் வளர்ந்த ஆய்வக ஈக்கள் மட்டும் தொலைத்துவிட்டனவாம். எண்பதுகளில் அறிவியலாளர்களே எழுப்பிப் பார்த்துக் கைவிட்ட சந்தேகம் இது. தூசி தட்டி எடுத்து வந்ததைத் தம் கண்டுபிடிப்பு போல முழங்குகிறார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் மார்கன் வளர்த்த வழி, ஓரிகன் வழி, கேன்டன் வழி என்று வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளில் வளர்ந்த ஈக்கள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டா தொலைத்தன? 1967-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஹார்விச்சில் பிடித்த ஈக்களின் சந்ததியும் ஆய்வகத்தில்தான் வளர்கிறது. அது மட்டும் ஏன் தொலைக்கவில்லை? நெருங்கிய உறவினங்களான மௌரிசியானா, செஷெல்லியாவிடமும் ‘பி’ காணப்படவில்லையே. ஆதிச்சொத்து என்றால் அவற்றுக்குப் பங்கு எங்கே?

இனி, அவர் கவனமாகச் சுற்றிக்கொண்டு போன இடத்துக்கு வருவோம். அமெரிக்க வெப்பமண்டலத்து வில்லிஸ்டோனி ஈ, மெலனோகாஸ்டருக்குப் பல கோடி ஆண்டு தூரத்து உறவு. 1990-இல் டேனியல்ஸ், கிட்வெல் முதலானோர் இரண்டின் ‘பி’யையும் ஒப்பிட்டார்கள். 2907 டிஎன்ஏ எழுத்துகளில் மாறியிருந்தது ஒன்றே ஒன்று! உயிர் வாழத் தேவையான மரபணுக்களே இவ்விரு இனங்களிடையே எவ்வளவோ திரிந்து கிடக்கின்றன. ஈக்கு எந்த உபகாரமும் செய்யாத இந்த ஒட்டுண்ணியை மட்டும் பல கோடி ஆண்டுகளாக யார் பிழைதிருத்திக் காத்தார்கள்?

‘பி’யைச் சுமந்து வந்தது ஓர் உண்ணியாக இருக்கலாம் என்பதை எள்ளுகிறார். புரோக்டோலெலாப்ஸ் ரெகாலிஸ் என்ற அந்த உண்ணி ஈ முட்டைகளைக் குத்தி உறிஞ்சும். ‘பி’ உள்ள ஈக்களோடு வளர்ந்த உண்ணிகளில் அதன் டிஎன்ஏ கிடைத்ததை 1991-இல் காட்டினார்கள். அதுதான் சுமந்தது என்று நிரூபணமாகவில்லை, உண்மை. ஆனால் திருடன் எந்த ஜன்னல் வழியாக வந்தான் என்று தெரியாததால் திருட்டே நடக்கவில்லை என்று வழக்கை மூடும் ஏட்டையாவை இவரிடம்தான் பார்க்கிறேன்.

போகட்டும், பழைய கதை வேண்டாம். 2015-இல் கோஃப்லர் குழுவினர் மெலனோகாஸ்டரின் நெருங்கிய உறவினமான சிமுலன்ஸ் ஈக்களை ஆராய்ந்தார்கள். பழைய மாதிரிகளில் ‘பி’ இல்லை. 2010 முதல் பிடித்தவற்றில் பரவிக்கொண்டிருந்தது. மெலனோகாஸ்டரில் அரிதாகக் காணப்படும் ஓர் எழுத்து மாற்றம் சிமுலன்ஸின் ‘பி’ பிரதிகளில் அப்படியே இருந்தது. இவை இயற்கையில் பிடித்த காட்டு ஈக்கள். இங்கே எந்த ஆய்வகம், எதைத் தொலைத்தது?