ஒரு நாள் தவறினால் என்ன?

தை பிறந்ததும் தேகாப்பியாசத்தைத் தொடங்கி, மாசியில் கைவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். "நீரிழிவு வாசலில் நிற்கிறது" என்று வைத்தியர் எச்சரித்த பிறகும் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் தவறியதும் விரதமே பங்கப்பட்டதாக எண்ணிவிடுகிறோம்!

லண்டன் யூனிவர்ஸிடி காலேஜ் ஆராய்ச்சியாளர் 2010-ல் வெளியிட்ட முடிவு வேறு விதமாயிருக்கிறது. 96 பேர், பகலுணவோடு பழம் உண்பது போன்ற ஏதேனும் ஒன்றைத் தினந்தோறும் பழகினார்கள். அது தானாகவே நடக்கும் பழக்கமாவதற்குச் சுமார் 66 நாள் பிடித்தது. தேகாப்பியாசத்துக்கு இன்னும் அதிகம். இடையே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

இப்போது பகலில் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டியிருக்கிறேன். மாலைக் காப்பி அருந்தியதும் நடக்கப் புறப்படுகிறேன். நேற்று மழை, போகவில்லை. இதோ, இன்று செருப்பை மாட்டிக்கொண்டாயிற்று.