பழைய வண்டியும் மாற்று யந்திரமும்

கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தையைப் பற்றி நாம் கதைகளிற் படித்திருக்கின்றோம். உடல் ஒருவருடையதாகவும் உயிர் மற்றொருவருடையதாகவும் அமையுங்கால் விளையும் குழப்பங்களையே அக்கதைகள் பெரிதும் பேசுகின்றன. இந்நாளில் பழைய மோட்டார் வண்டியை வாங்கிப் புதுக்க விழையும் இளைஞர் பலர் இவ்வித்தையை இரும்பிற் செய்து பார்க்க முற்படுகின்றனர். வண்டி ஒன்று, அதனுள் வைக்கும் யந்திரம் வேறொன்று. இம்முயற்சியே தவறென்று யாம் கூறவில்லை. ஆயின், எந்த யந்திரத்தைத் தெரிவது என்னும் வினாவுக்கு, ‘எது ஆற்றல் மிக்கதோ அது’ என்று விடை கூறுவது அறிவுடைமை ஆகாது என்பதே எம் கருத்து.

வலியறிதலைப் பற்றிக் கூறப்புகுந்த திருவள்ளுவர், மெல்லிய பொருளாயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்பதை உவமையாக எடுத்தாண்டார். மோட்டார் வண்டிக்கும் அச்சு உண்டன்றோ? யந்திரத்தின் வலியைக் கியர்ப்பெட்டி தாங்கவேண்டும், பின்னச்சு தாங்கவேண்டும், அதன் வெம்மையை ரேடியேட்டர் ஆற்றவேண்டும், அதன் எடையை முன்புறத்து முறுக்குத் தண்டுகள் சுமக்கவேண்டும், எல்லாவற்றினும் மேலாக, விரைந்தோடும் வண்டியைப் பிரேக்குகள் நிறுத்தவேண்டும். திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் பெருந்தேர் வீதிவலம் வருதலைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். வடம் பிடித்து இழுப்போர் பல்லாயிரவர். முட்டுக்கட்டை இடுவோர் மிகச் சிலர். இழுப்போர் திறனை வியக்கும் நாம் கட்டை இடுவோரை மறந்துவிடுகின்றோம். அவர் இலரேல் தேர் நிலைக்கு வந்து சேருமா?

இத்துறையில் நமக்கு வழிகாட்டும் சான்றுகள் இரண்டு நம் நாட்டிலேயே உள்ளன. முதலாவது அம்பாசிடர். ‘மாரிஸ் ஆக்ஸ்போர்டு’ என்னும் ஆங்கில வண்டியின் வழிவந்த இதனை, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 2014 வரை செய்துவந்தனர். நெடுங்காலம் அதனுள் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய பெட்ரோல் யந்திரம். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஐசூசுவின் 1.8 லிட்டர் யந்திரத்தை அதனுள் வைத்தபோது, யந்திரத்தை மட்டும் மாற்றி அவர்கள் நின்றுவிடவில்லை; ஐந்து வேகங்களையுடைய கியர்ப்பெட்டியையும் உடன் பொருத்தினர். உயிரை மாற்றுவோர் உறுப்புக்களையும் அதற்கிசைய மாற்றவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது நம் சென்னையிற் பிறந்த ‘ஸ்டாண்டர்டு 2000.’ இங்கிலாந்து நாட்டு ரோவர் எஸ்.டி.1 என்னும் அழகிய வண்டியின் உடலை 1985-இல் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் இங்குக் கொணர்ந்தனர். தன் பிறந்த நாட்டில் 3.5 லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் உடைய யந்திரத்தைத் தாங்கிய உடல் அது. இங்கோ, 1940-களின் இறுதியில் வெளிவந்த ‘வேன்கார்டு’ வண்டியின் வழிவந்த இரண்டு லிட்டர் யந்திரம் அதனுள் இடம்பெற்றது. அவ்யந்திரத்தின் உறவினம் பெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதது என்றால், அதன் இயல்பை வேறு விளக்கவேண்டுவதில்லை. எரிபொருட் செலவும் விலையும் மிக, வேகம் குன்ற, 1988-க்குள் அவ்வண்டியின் கதை முடிந்தது. ஓர் உடலுக்கு வலி மிகினும் கேடு, குறையினும் கேடு.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் எம் சிறிய தந்தையார் பழைய அம்பாசிடர் ஒன்று வைத்துள்ளார். அதன் யந்திரம் எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்குகின்றது. எம் பாட்டியாரை மருத்துவத்தின்பொருட்டு எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூருக்கு அவ்வண்டியிலேயே அழைத்துச் செல்வர். ‘மேட்டடோர் வேனின் டீசல் யந்திரத்தை வைத்துவிடுங்கள், செலவு பாதியாகும்’ என்று ஒருவர் கூறுகின்றார். ‘ஐசூசுவே சிறந்தது’ என்கிறார் மற்றொருவர். சேர்த்துவைத்த பொருளோ ஒருமுறைக்கே போதும். அவர் இன்னும் முடிவு செய்திலர்; எம் முடிவை ஈண்டுக் கூறுகின்றோம்.

டீசல் யந்திரம் எடை மிக்கது, அதிர்வு மிக்கது. அதனை ஏற்பின் முன்தண்டுகளையும், தாங்கிகளையும், பின்னச்சின் பல்விகிதத்தையும் சீர்செய்யவேண்டும். மிச்சமாகும் எரிபொருட் பணம் இவற்றிற்கே சென்றுவிடும். ஐசூசுவை விரும்புவோர் ஐசூசுவுடனே பிறந்த அம்பாசிடரை வாங்கிக்கொள்வதே நேர்வழி. எஞ்சியது ஒன்று: உள்ள யந்திரத்தையே புதுக்குதல். உருளைகளைக் கடைந்து, அளவு பெரிய பிஸ்டன்களை இட்டு, தேய்ந்த தாங்கிகளை மாற்றுவது நம் ஊர்ப் பட்டறையாளர் நன்கு அறிந்த தொழில். அவ்வாறு புதுக்குங்கால் இக்காலத்திற்கு வேண்டிய இரு திருத்தங்களையும் உடன் செய்க. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒழிந்தது. ஈயத்தின் காப்பின்றிப் பழைய வால்வு இருக்கைகள் விரைவில் தேயும்; ஆதலின் கடின உலோக இருக்கைகளைப் பதித்தல் நலம். இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் உள்ளது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆதலின் குழாய்களையும், பெட்ரோல் பம்பின் சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் வகையினவாக மாற்றுக.

சட்டமும் இதனையே வற்புறுத்துகின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தோர் வகுத்த விவரங்களினின்றும் பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதனை உறுதிப்படுத்தியது. எரிவாயு, மின்சாரம் முதலியவற்றால் இயங்கும்படி, ஏற்கப்பெற்ற கருவித் தொகுதிகளைப் பொருத்துதற்கு நிபந்தனைகளோடு வழியுண்டு. யந்திர எண் சான்றிதழோடு ஒவ்வாத வண்டி விபத்துக்குள்ளாயின், காப்பீடு கோருவோர் படும் இடர் பெரிது. அவ்விடர் ஓட்டுநரோடு நில்லாது அடிபட்ட வழிப்போக்கரையும் சாரும். ஆதலின் மாற்றத் துணிவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் பட்டறையன்று, பதிவு அலுவலகமே.

‘புதுமை செய்யாவிடின் கலை வளர்வது எங்ஙனம்?’ என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. யந்திரத்தைக் கழற்றி மாட்டும் கையிற் கல்வி உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. பொதுச்சாலைக்கு வாராத வண்டியில் அக்கல்வியை அவர் வேண்டுமளவு பயிலட்டும். ஆனால் மலைவலம் வரும் மக்கள் வெறுங்காலோடு நடக்கும் சாலையில், முதியவர் ஒருவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஓட்டப்படும் வண்டி ஆய்வுக்களம் ஆகாது. எவ்வளவு விரைவிற் செல்லும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தொலைவில் நிற்கும் என்று கேட்கப் பழகுவோமாக. அவ்வினாவுக்கு விடை கண்டபின் தெரியும் யந்திரமே அவ்வண்டிக்கு உரிய யந்திரமாகும்.